திரும்பிப் படுத்தவன்

இது நடந்தது. நடந்ததற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம், சலங்கைச் சத்தம் என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். இது பட்டப்பகலில் வந்தது. நல்ல வெயிலில் வந்தது. பார்த்தவர் தாவீது. அவர் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. கடையில் உப்பு வாங்கினால்கூட நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துணியில் முடிந்துகொள்வார். அவர் பார்த்தார். அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே, கடலோரச் சவுக்குத் தோப்பை ஒட்டிக் கொஞ்சம் வீடுகள். எல்லாம் வேதக்காரர்கள் வீடு. கூரை போட்ட ஒரு ஜெபவீடு. தோப்புக்குள் மணலில் ஒரு கல்லறைத் தோட்டம். தாவீது அந்தத் தோப்பில் மரம் வெட்டுகிறவர். மனைவி பெயர் பாப்பா. நெஞ்சுச் சீக்குக்காரி, படுக்கையோடு படுக்கை. ஒரே மகன் ஆரோன். கால்வாயில் விறகுத் தோணியைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்கிற வேலை.

அந்த மாதம் செய்யூர்ப் பக்கமிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கு ஒரு தோணி வந்தது. சரக்கு சதுரங்கப்பட்டினத்து நூர்முகமது பாயுடையது. தோணியில் மூன்று பேர். ஆரோன். கோல் ஊன்றித் தோணி தள்ளுகிற சடையப்பன். பாயின் மகன் அப்துல் சுபஹான். கால்வாய் போய்ப் பாலாற்றில் விழுகிற இடம் ஒன்று உண்டு. ஆற்றைக் குறுக்கே கடந்துதான் அந்தப் பக்கத்துக் கால்வாயைப் பிடிக்க வேண்டும். நடு ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. தோணியைத் தூக்கிக் கடலில் போட்டது. சடையப்பன் தொடை எலும்பு முறிந்து மணல் திட்டில் கிடந்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மற்ற இரண்டு பேரையும் காணவில்லை.

மழை விட்ட பிறகு ஓர் உடம்பு கரை ஒதுங்கியது.

மீன் தின்ற முகம். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சட்டை இருந்தது. காப்பிக் கலரில் கட்டம் போட்ட சட்டை. போன கிறிஸ்துமஸுக்கு மிஷனுக்குச் சீமையிலிருந்து ஒரு பேல் துணி வந்தது. சபையில் இருந்த இளவட்டங்கள் எல்லோருக்கும் அதே துணியில் ஒரே மாதிரி சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கரையில் வேறு எவனிடமும் அந்தத் துணி கிடையாது. சட்டையைப் பார்த்தால் போதும், நம் சபைப் பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அப்படித்தான் சொன்னார்கள்.

கிராம முன்சீப் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "தாவீது, நல்லா பாத்துச் சொல்லு. உன் புள்ளதானா?"

"பாக்கறதுக்கு மூஞ்சி எங்க கீது?"

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் அந்தச் சட்டைக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "என் ஆரோனுதான். சட்டையாச்சும் போட்டுகினு கீறானே... குளுருல போவலயே" என்று அழுதாள். அதோடு முடிந்தது பேச்சு.

உடம்பைக் கழுவுகிற நிலைமை இல்லை. வெள்ளைத் துணி சுற்றிப் பாயில் வைத்துக் கட்டினார்கள். கயிற்று முடிச்சைத் தாவீதே போட்டார். தலை மேற்கே, கால் கிழக்கே. வேதக்காரர்களை அப்படித்தான் வைப்பது. கர்த்தர் கிழக்கேயிருந்து வருவார், கடைசி நாளில் எழுந்து உட்கார்ந்தால் அவர் முகம்தான் முதலில் தெரிய வேண்டும். அந்தக் கரையில் கிழக்கே என்றால் கடல். தலைமாட்டில் ஒரு சவுக்குச் சிலுவை நட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா சொன்னாள். "இந்தாய்யா, நான் ரொம்ப நாள் தாங்க மாட்டேன். என்னை அவன் பக்கத்துலயே போடு. எழும்பறப்போ ரெண்டு பேரும் ஒண்ணா எழும்பறோம்."

அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு மண்மேடுதான்.

மறுநாள் காலையில் தாவீது போய்ப் பார்த்தார். சிலுவை பிடுங்கிக் கிடந்தது. மேட்டுக்கு வடக்குப் பக்கம்.

காற்று என்று நினைத்தார். ஆழமாகக் குழி தோண்டித் திரும்ப நட்டார். மறுநாளும் வடக்கே கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. அடிப்பது வாடைக்காற்று. வடக்கேயிருந்து அடிக்கிறது. காற்றை எதிர்த்துக்கொண்டா சிலுவை விழும்?

தோப்பில் ஆடு மேய்க்கிற பூவாயி மேல் சந்தேகம் வந்தது. போய்ச் சண்டை பிடித்தார்.

"யோவ், என் ஆடு உன் சிலுவையைத் துன்னுமா? அது இன்னா முருங்கக்கீரையா?"

"துன்னலன்னா முட்டித் தள்ளிகீது. கட்டி மேய்க்க வக்கில்ல, வாய் மட்டும் மாபலிபுரம் வரைக்கும் போவுது."

"உன் வாய்க்கு முன்னால என் வாய் இன்னா வாயி? என் ஆடு அந்தப் பக்கம் காலே வெக்க மாட்டேங்குது, தெரியுமா? இழுத்தா ஊணிகினு நிக்குது." பூவாயி சட்டென்று குரலை இறக்கினாள். "ஏன்னு கேளு."

"ஏன்?"

"உன் புள்ள அங்க குந்திகினு கீறான்."

தாவீது கையை ஓங்கிவிட்டார். அவள் நகரவில்லை.

"அடி. அடிச்சாலும் பாத்தது பாத்ததுதான். உச்சிப் பொழுதுல. அதே கட்டம் போட்ட சட்ட. நான் கடலோரமா நின்னு பாத்தேன், முதுவுதான் தெரிஞ்சிது. உங்காளுங்கள கடலப் பாத்துதான வெப்பீங்க? அவன் கடலுக்கு முதுவக் காட்டிகினு குந்திகீறான்யா..."

அதை அவர் நம்பவில்லை. ஆனால் மேட்டைப் பார்த்தார். அது நம்பச் சொன்னது.

மேடு கோணியிருந்தது.

கிழக்கு மேற்காகக் குவித்த மணல். அவரே மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி நேராக்கிய மணல். இப்போது தலைமாடு கொஞ்சம் வடக்கே ஒதுங்கியிருந்தது. தூக்கம் வராதவன் பாயில் புரண்டால் பாய் கோணுமே, அப்படி. சரி செய்துவிட்டு வந்தார். அடுத்த நாள் திரும்பக் கோணல். இந்தத் தடவை இன்னும் அதிகம்.

அன்று சாயங்காலம் உபதேசியார் மாசிலாமணி ஜெபம் பண்ண வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். தெரிந்ததைத் தெரியும் என்பார், தெரியாததற்குத் தலையைச் சொறிவார். பாப்பா எழுந்து உட்கார முடியாமல் படுத்தபடியே கேட்டாள்.

"உபதேசியாரே, செத்தவங்களுக்குக் குளுருமா?"

"குளிராதும்மா. செத்தவங்க ஒண்ணும் அறியமாட்டாங்கன்னுதான் வேதம் சொல்லுது. தூங்கற மாதிரி. கர்த்தர் கூப்பிடறப்போ எழும்புவாங்க."

"அப்போ என் ஆரோனு இப்போ எங்க கீறான்? குழியிலயா, மேலயா?"

"மண்ணு மண்ணுக்குப் போவுது. ஆவி, அதக் குடுத்தவர்கிட்ட போவுது."

"ரெண்டு எடத்துல கீறான்னு சொல்றீங்களா?"

உபதேசியார் தலையைச் சொறிந்தார்.

அவரை வழியனுப்புகிற சாக்கில் தாவீது வெளியே வந்தார். சிலுவை, மேடு, பூவாயி சொன்னது எல்லாம் சொன்னார். "தூங்கறவன் எழுந்து குந்துவானா?" என்றார்.

உபதேசியார் முகம் மாறியது. "அது உன் புள்ள இல்ல, தாவீது. செத்தவங்க திரும்பி வர்றதில்ல. அவங்க வேஷத்துல பிசாசுதான் வரும்."

"குறி சொல்றவகிட்ட ஒரு ராஜா போனான், செத்துப்போன தீர்க்கதரிசிய எழுப்புன்னு கேட்டான்னு நீங்கதான பிரசங்கம் பண்ணீங்க? கெழவர் எழும்பி வந்தாரா இல்லியா?"

"வந்தார்னுதான் எழுதியிருக்கு."

"பிசாசுன்னு எழுதிகீதா?"

"இல்ல..." என்று இழுத்தார் உபதேசியார். "ஆனா அந்த ராஜா மறுநாளே செத்தான். தேடிப் போகாதேங்கறது அதுக்குத்தான்."

"நான் எங்க தேடினு போனேன்? சிலுவைய நட்டுட்டு வந்தேன். அவ்ளோதான்."

"உன் பேரு வெச்ச ராஜாவுக்கும் ஒரு புள்ள செத்துது. நான் அதுகிட்ட போவேன், அது என்கிட்ட வராதுன்னு சொல்லிட்டு எழுந்து, குளிச்சிட்டு சாப்பிட்டார். மனச அப்படித் தேத்திக்கணும்."

"அவரு ராஜா. அவருக்குச் சோறு எறங்கும்" என்றார் தாவீது.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. யார் விளையாடுகிறார்கள் என்று கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார். கடலோரமாகச் சுற்றிப் போய், கல்லறைக்குக் கிழக்கே ஒரு பெரிய சவுக்கு மரத்தடியில் பதுங்கி உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. நிழல் காலுக்கடியில் வந்து சுருண்டது. சவுக்கு மரம் காற்று இல்லாவிட்டாலும் உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கும். பின்னால் கடல். இரண்டு சத்தமும் ஒன்றுமேல் ஒன்று.

ஒரு பீடி பற்றவைத்தார். குனிந்து பற்றவைத்து நிமிர்ந்தார்.

சத்தம் நின்றிருந்தது.

மரம் நின்றது. கடலும் நின்றது. அலை வருவது கண்ணுக்குத் தெரிகிறது... காதுக்கு வரவில்லை.

மேட்டின் பக்கத்தில் ஓர் ஆள்.

முதுகு. கட்டம் போட்ட சட்டை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்...

அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

தாவீதுக்குப் பயம் வரவில்லை. அதுதான் உண்மை. முதலில் வந்தது அழுகை. "ஆரோனு!" என்று கத்தினார். "ஆரோனு, நைனா வந்துகீறண்டா!"

ஆள் திரும்பவில்லை.

எழுந்து கிட்டே போனார். மணல் சுட்டது. அந்த ஆளைச் சுற்றி மட்டும் மணல் ஈரம்.

தோள் குறுகலாக இருந்தது.

கயிறு இழுத்த தோள் இல்லை அது. சட்டை தொளதொளவென்று தொங்கியது.

தாவீதின் கால் நின்றது.

தலை மெல்லத் திரும்பியது. பாதிதான் திரும்பியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பெரியவரே..."

தண்ணீருக்குள்ளிருந்து வருகிற குரல்.

"...திருப்பி வைங்க."

கண்ணைத் திறந்தபோது ஒருவரும் இல்லை. கடல் இரைந்தது. மரம் இரைந்தது. சிலுவை வடக்கே கிடந்தது. பீடி அணைந்து, நனைந்து, விரலில் ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. ராத்திரி முழுக்க ஒரே நினைப்பு. பெற்ற அப்பனை எந்தப் பிள்ளையாவது பெரியவரே என்று கூப்பிடுமா?

விடிந்ததும் பஸ் ஏறிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சடையப்பன் காலில் கட்டையும் துணியுமாகக் கிடந்தான்.

"வா அண்ணாத்த. ஊர்ல நான் ஒருத்தன் கீறேன்னு இப்பத்தான் ஞாபகம் வந்துதா?"

"அன்னிக்கித் தோணியில இன்னா நடந்துது? வுடாம சொல்லு."

"எவன் வந்து என்னைக் கேட்டான்? போலீஸ்காரன் வந்தான். பேரு கேட்டான், போயிட்டான்." சடையப்பன் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தான். "பாய் புள்ளைக்கு நல்ல காய்ச்சல். ஈரத்துல கெடந்து வெடவெடன்னு நடுங்கிகினு இருந்தான். உன் புள்ள தன் சட்டையக் கழட்டி அவனுக்கு மாட்டிவுட்டான். 'உனுக்கு?'ன்னேன். 'நான் கயிறு இழுக்கறவன் அண்ணாத்த, எனக்கு இன்னா குளுரு'ன்னான். அப்பறம்தான் வெள்ளம் வந்துது."

தாவீது பஸ் நிற்கிற இடத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு பஸ் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அவர் ஏறவில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்குத் தெரியும்? பாப்பா இன்னும் கொஞ்ச நாள். மகன் பக்கத்தில் படுக்கிறோம் என்று கண்ணை மூடுவாள். அந்த மேட்டையும் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் என்ன மிச்சம்? ஆனால் அங்கே ஒருவன் புரண்டுகொண்டு கிடக்கிறான்...

"சடையப்பன் இன்னா சொன்னான்?" என்று, வீட்டுக்குத் திரும்பியதும் பாப்பா கேட்டாள்.

"கால் கூடி வருதாம்."

இரண்டு நாள் மென்று விழுங்கினார். மூன்றாம் நாள் கல்லறைக்குப் போனால், மேடு முழுசாகத் திரும்பிக் குறுக்கே கிடந்தது. தலைமாடு வடக்கே. கால்மாடு தெற்கே. சிலுவையை யாரோ அலுங்காமல் எடுத்துத் தள்ளி வைத்திருந்தார்கள். கோபமாக இல்லை. மரியாதையாக.

வந்து பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் கத்தவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ என் புள்ள வெத்து ஒடம்போட போயிருக்கான்" என்றாள். பிறகு, "பாய் வூட்டம்மா எங்க குந்தி அழுவுறாளோ. போய்ச் சொல்லுய்யா" என்றாள்.

சொல்லிவிட்டு, போர்த்தியிருந்த கம்பளியை எடுத்துக் கீழே போட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை.

நூர்முகமது பாய் மேல் தாவீதுக்கு உள்ளுக்குள் ஒரு காய்ச்சல் உண்டு. மழையில் தோணி விட்ட ஆள். அவர் வீட்டு வாசலில் போய் நின்று என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தார். பாய் வெளியே வந்தார். தாடி ஒழுங்கில்லாமல், கண் உள்ளே போய், தாவீதைப் போலவே இருந்தார்.

"பாய், உங்க புள்ள என் மண்ணுல கீறான்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. உள்ளே, திரைக்குப் பின்னால், பாயின் மனைவி சுல்தான் பீவி போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

முன்சீப்பிடம் சொல்லிவிட்டு ஒரு வியாழக்கிழமை காலையில் தோண்டினார்கள். பாய், அவர்கள் பள்ளிவாசல் ஆட்கள், உபதேசியார், தாவீது. பழைய குழியின் அளவு தாவீதுக்குத் தெரியும். அவர் வெட்டிய குழி. கிழக்கு மேற்காக அதே கோட்டில் மண்ணை எடுத்தார்கள். ஈர மணல். இரண்டு பக்கச் சுவரும் மண்வெட்டி வெட்டின தடத்தோடு அப்படியே நின்றது.

அடிக்குப் போனதும் மண்வெட்டி போட்டவன் மேலே ஏறிவிட்டான்.

உடம்பைக் கட்டிய பாய் குறுக்கே கிடந்தது.

குழி கிழக்கு மேற்கு. பாய் வடக்கு தெற்கு. நடுப்பாகம் மட்டும் குழியில் தெரிந்தது. தலைப்பக்கம் வடக்குச் சுவருக்குள் போயிருந்தது. கால்பக்கம் தெற்குச் சுவருக்குள். யாரும் தொடாத, யாரும் வெட்டாத கெட்டி மணலுக்குள்.

சுவரை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

முடிச்சு தாவீது போட்ட முடிச்சு. அவிழவில்லை. இளகக்கூட இல்லை. அவரே அவிழ்த்தார். பாய்க்குள்ளே...

வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தான். முகம் மேற்கே.

மையத்துக் கழுவுகிறவர், பள்ளிவாசலில் செத்தவர்களைக் குளிப்பாட்டுகிறவர், திரை பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். சுன்னத்தான உடம்பு. "நம்ம புள்ளதான்" என்றார்.

நூர்முகமது பாய் குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "இப்படி ஒருக்களிச்சி வெச்சது யாரு?"

"நான் மல்லாக்க வெச்சேன், பாய்."

"நானும் பார்த்தேன்" என்றார் உபதேசியார்.

"எங்க ஆளுங்கள இப்படித்தான் வைப்போம். வடக்கே தலை. மேக்கால முகம்" என்றார் பாய். அன்றைக்கே சதுரங்கப்பட்டினத்துக் கபர்ஸ்தானில் அடக்கம் செய்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கல்லறைத் தோட்டத்தில் ஒன்றும் இல்லை. பூவாயியின் ஆடுகள் அங்கேயே மேய்ந்தன.

பாப்பா இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தாள். மார்கழிப் பனி. கம்பளியைப் போர்த்தினால் தள்ளிவிடுவாள். "என் புள்ள சட்ட இல்லாம கடல்ல கீறான். எனக்கு இன்னா கம்பளி?" உபதேசியார் தினமும் வந்தார். கடைசி நாளில் கடலும் தன்னிடம் உள்ள செத்தவர்களை ஒப்புக்கொடுக்கும், அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஒருவரும் விட்டுப்போக மாட்டார்கள் என்று படித்துக் காட்டினார்.

"குடுக்கும், சரி. அது வரைக்கும் குளுருமே" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அவனுக்குக் குளுருதாய்யா? சொல்லுய்யா..." கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே போய்விட்டாள். ஆரோனுக்கு என்று நினைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கால் கடல் பக்கம்.

தை பிறந்து நெம்மேலிக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். வலையில் ஓர் உடம்பு சிக்கியிருக்கிறது, வந்து பார் என்று.

தாவீது போனார். உடம்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை, எலும்புதான். ஆனால் சட்டை போட்டிருந்தது. வெள்ளையில் பச்சைக் கோடு, முழுக்கைச் சட்டை. "இது ஆரோனு இல்ல. அவனுக்கு ஏது இந்தச் சட்ட?" என்றார். சட்டையை நம்பி ஒரு தடவை ஏமாந்தவர். திரும்பி நடக்கப் போனவர், எதற்கோ குனிந்து இடது முழங்காலுக்குக் கீழே பார்த்தார். எலும்பு கோணலாக ஒட்டியிருந்தது. சின்ன வயதில் ஆரோன் மரத்திலிருந்து விழுந்தபோது அவரே மூங்கில் வைத்துக் கட்டியது. கோணலாகத்தான் கூடியது.

மகன்தான்.

அப்போதுதான் சட்டையை நன்றாகப் பார்த்தார். கடலில் கிடந்த துணி மாதிரி இல்லை. சாயம் போகவில்லை. நேற்றுத் துவைத்துக் காயப்போட்டது போல இருந்தது. பொத்தானெல்லாம் கழுத்து வரைக்கும் போட்டிருந்தது. வெள்ளைப் பொத்தான், கறுப்பு நூலில் தைத்தது.

மகனைப் பாப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தச் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே நூர்முகமது பாய் வீட்டுக்குப் போனார். பிள்ளைகள் சட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று அவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

"பாய், இது உங்க புள்ளதா?"

பாய் உள்ளே கொடுத்தார். பிறகு சுல்தான் பீவியே வெளியே வந்துவிட்டாள். சட்டையை விரித்துப் பொத்தான் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள்.

"சுபஹான் சட்டதான். கறுப்பு நூல்ல நான் தெச்ச பொத்தான். ஆனா... இது தோணியில போவலயே. என் பொட்டியில இல்ல இருந்துது."

"பொட்டியிலயா?"

"எம் புள்ளைய இங்க அடக்கம் பண்ண மறுநாள். வெள்ளிக்கிழம. இவங்கள்ளாம் தொழுவப் போயிருந்தாங்க. கொல்லப்பக்கம் ஒரு புள்ள வந்து நின்னுது. மேல துணியில்ல. தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். ஏதோ மழையில மாட்டுன புள்ளைன்னு நெனச்சேன். வெயில் அடிக்கிதே, எங்க மழைன்னு அப்போ தோணல. பொட்டியத் தொறந்து இதக் குடுத்தேன். பொத்தான் போட அதுக்குக் கை வரல. நான்தான் போட்டுவுட்டேன். கை பட்டுது. ஐஸ் மாதிரி..."

தாவீது ஓர் அடி முன்னால் வந்தார். "எதுனா சொன்னானா?"

"சொல்லிச்சு. 'அம்மாகிட்ட சொல்லிடுங்க, எனக்குக் குளுரல'ன்னிச்சு. எந்த அம்மா, எந்த ஊருன்னு கேக்க நிமுந்தேன். கொல்லையில யாரும் இல்ல."

அந்த வெள்ளிக்கிழமை பாப்பா உயிரோடு இருந்தாள். கம்பளியைத் தள்ளிவிட்டு அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாவீது அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. தோப்புக்குப் போனார். பாப்பாவின் தலைமாட்டில், சுடுமணலில் உட்கார்ந்து, குனிந்து, அதைச் சொன்னார். செத்தவர்களுக்கு ஒன்றும் கேட்காது என்றுதான் வேதத்தில் இருக்கிறது.

அவர் இரண்டு தரம் சொன்னார்.